வலியை அறிந்த தாய் மகளை ஏன் அதே இடத்துக்கு அழைத்துச் செல்கிறாள்?

வாசகியின் கடிதம் (சுருக்கப்பட்டது, அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் சமூகமும் தவிர்க்கப்பட்டுள்ளன):

"எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, உறவினர் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி, புதுச் சட்டை போட்டு அம்மா என்னை அழைத்துப் போனார். அங்கே வயதான ஒரு பெண் இருந்தார். பெரியம்மா என் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறப்புறுப்பில் வெட்டினார்கள். 'அப்பாவிடம் சொல்லாதே, இது பெண்கள் விஷயம்' என்று திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னார். இப்போது என் மகளுக்கு ஆறு வயது. நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம். வரும் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவளுக்கும் முடித்துவிடலாம் என்கிறார் மாமியார். இப்போதெல்லாம் டாக்டரே மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்கிறாராம், லேசான கீறல்தானாம். என் அம்மாவும் அதற்கு ஒத்துப் பேசுகிறார். கணவரோ 'அது உங்கள் பெண்களின் விஷயம்' என்று ஒதுங்கிவிடுகிறார். அந்த நாளை நான் மறக்கவில்லை. இருந்தும் சில இரவுகளில், 'எல்லோரும் செய்வதுதானே, செய்துவிட்டால் தொல்லை விட்டது' என்று என் மனமே சொல்கிறது. அந்த எண்ணம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வலியை அனுபவித்த தாய்மாரே இதை ஏன் மகள்களுக்குச் செய்கிறார்கள்? நான் என்ன செய்ய வேண்டும்?"

சமூக மருத்துவ நிபுணரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு கேள்விகளில் அவசரமானதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு இது வேண்டாம். முழுமையாகவும் வேண்டாம், கீறலாகவும் வேண்டாம், மருத்துவர் கையாலும் வேண்டாம். அந்த முடிவை நீங்கள் ஊருக்குப் புறப்படும் முன்பே பெரியவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். எப்படித் தெரிவிப்பது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் முதல் கேள்வியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால், உங்களை அந்தப் பக்கம் இழுப்பது எது என்று தெரியாமல் உறவினர் நிறைந்த வீட்டுக்குள் போனால், மிக உறுதியான மனமும் அங்கே தளர்ந்துபோகக்கூடும்.

இரவில் வரும் அந்த எண்ணத்துக்காக உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். யூனிசெப் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 23 கோடிக்கும் மேற்பட்ட சிறுமிகளும் பெண்களும் இந்த வெட்டுக்கு உள்ளானவர்கள். அவர்களில் 14 கோடிக்கும் அதிகமானோர் ஆப்பிரிக்காவிலும், சுமார் 8 கோடிப் பேர் ஆசியாவிலும், சுமார் 60 லட்சம் பேர் மத்தியக் கிழக்கிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்திலும், இலங்கையின் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிலும் இது இருப்பது வெளிப்படையாகப் பேசப்பட்டு வருகிறது. இவ்வளவு வேறுபட்ட நாடுகளிலும் மொழிகளிலும், சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறவர் பெரும்பாலும் தாய், பாட்டி, அத்தை, பெரியம்மா ஆகிய பெண்களே. இத்தனை கோடித் தாய்மார் அனைவரும் மகள்மேல் அன்பற்றவர்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. மகளின் வாழ்க்கை நன்றாக அமைய வேண்டும் என்று மிகவும் கவலைப்படும் தாய்தான் இதை மறக்காமல், தள்ளிப்போடாமல், உரிய வயதில் முடித்துவிட முனைகிறார்.

அந்தத் தாயின் கணக்கை அவர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் ஒரு நாளின் வலி. அவரும் அதைத் தாண்டி வந்தவர்தான். மறுபக்கம் மகள் வளர்ந்த பின் "அசுத்தமானவள்", "அடங்காதவள்", "ஒழுங்காக வளர்க்கப்படாதவள்" என்று பெயர் வாங்குவாள் என்ற அச்சம். நல்ல இடத்தில் சம்பந்தம் அமையாது என்ற அச்சம். மணமான பின் மாமியார் வீட்டில் தலைகுனிய வேண்டியிருக்கும் என்ற அச்சம். இந்த அச்சங்கள் நிஜமாகிவிடும் என்று அவர் நம்பும் வரை, வெட்டின் தீமைகளை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் கணக்கு மாறாது. "இவர்களுக்கு அறியாமை, விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள்" என்ற எண்ணத்தில் நடத்தப்பட்ட பல பிரசாரங்கள் பலன் தராமல் போனதற்கு இதுவே காரணம். வலிக்கும் என்று அந்தத் தாய்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அவருக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இந்தச் சிக்கலை 1996இல் அமெரிக்க அறிஞர் ஜெரி மேக்கி ஒரு வரலாற்று ஒப்பீட்டின் மூலம் விளக்கினார். சீனாவில் பல நூற்றாண்டுகளாகச் சிறுமிகளின் பாதங்களை வளைத்து இறுகக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் இருந்தது. அதைச் செய்தவர்களும் தாய்மாரே. காரணமும் மணமகள் என்ற மதிப்பே. ஒரு குடும்பம் மட்டும் விட்டுவிட்டால் அந்த வீட்டுப் பெண் மட்டும் திருமணச் சந்தையில் பின்தங்குவாள் என்பதால், விரும்பாத குடும்பங்களும் விடாமல் தொடர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இயற்கைப் பாதச் சங்கங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. உறுப்பினர்களான குடும்பங்கள், "எங்கள் மகளின் பாதத்தைக் கட்ட மாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கவும் மாட்டோம்" என்று சேர்ந்து உறுதிமொழி எடுத்தன. மகளைப் பெற்றவர்களின் பயம் மகனைப் பெற்றவர்களின் வாக்கால் நீங்கியது. அதன்பின் அந்தப் பழைய வழக்கம் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலான இடங்களில் சரிந்தது.

இதே வழியில்தான் செனகலில் மாலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், தோஸ்தான் என்ற அமைப்பின் கல்வி வகுப்புகளில் படித்த பிறகு, 1997 ஜூலை 31 அன்று இந்த வெட்டைக் கைவிடுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த தெம்பா ஜவாரா என்ற மூத்த இமாம், ஒரு கிராமம் மட்டும் விட்டால் போதாது, பெண் கொடுத்து எடுக்கும் எல்லாக் கிராமங்களும் சேர்ந்து விட வேண்டும் என்று உணர்ந்து, உறவுக் கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். மறு ஆண்டு 13 கிராமங்கள் கூடி அறிவித்தன. அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஊர்கள் அவ்வாறு அறிவித்திருக்கின்றன. ஆனாலும் செனகலில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 2019இலும் வெட்டுக்கு உள்ளானவராகவே இருந்தார். அறிவிப்பு ஒரு தொடக்கம் மட்டுமே என்பதையும் இது காட்டுகிறது.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. "எல்லோரும் சேர்ந்து விட்டால்தான் முடியும்" என்ற கருத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், தனியாக நிற்கும் தாய்க்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை. ஊர் மாறும் வரை காத்திரு என்றே அது சொல்வதுபோல் ஆகிவிடும். சூடானின் கெசிரா மாநிலத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அங்கே புதிதாக வெட்டப்பட்ட சிறுமியின் பாதங்களில் மருதாணி இடுவது வழக்கம். ஆகவே ஆய்வாளர்கள் தாய்மாரிடம் கேள்வி கேட்டுப் பதிலை மட்டும் நம்பாமல், பள்ளியில் புதிதாகச் சேர வந்த சிறுமிகளின் கால்களில் மருதாணி இருக்கிறதா என்று கவனித்தார்கள். ஒரு வழக்கம் முழுவதும் ஊர்க் கட்டாயத்தால் நிற்கிறது என்றால், ஓர் ஊரில் எல்லோரும் செய்வார்கள் அல்லது எவரும் செய்ய மாட்டார்கள் என்றே எதிர்பார்க்க வேண்டும். அவர்கள் கண்டது அப்படி இல்லை. செய்யும் குடும்பமும் செய்யாத குடும்பமும் ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இது: ஊரின் அழுத்தம் உண்மையானது, ஆனால் நமக்குத் தோன்றும் அளவுக்கு அது ஒரே கட்டியாக இல்லை. மறுத்த குடும்பங்கள் ஏற்கெனவே இருக்கின்றன; அவை தங்களை வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் உறவிலும் "செய்தாயிற்று" என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட ஒரு வீடாவது இருக்கக்கூடும். மருத்துவமனையில் இதை நான் அறிவேன். மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது "ஆமாம், சின்னவளுக்கும் முடிந்துவிட்டது" என்று தலையாட்டும் பெண்கள், தனியாகப் பேசக் கிடைத்த நேரத்தில் குரலைத் தாழ்த்தி, இல்லை என்கிறார்கள். அந்தப் பொய் அவர்களின் மகளைக் காப்பாற்றுகிறது; அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பொய், பக்கத்து வீட்டுத் தாய்க்கு "எல்லோரும் செய்கிறார்கள்" என்ற தவறான செய்தியையும் தந்துவிடுகிறது. இவ்வழக்கம் உள்ள ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு நாடுகளின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இது ஒழிய வேண்டும் என்றே கருதுவதாக யூனிசெப் சொல்கிறது. இவ்வளவு பேர் வேண்டாம் என்று நினைக்கும்போதும் அது நடந்துகொண்டிருப்பதற்கு, அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று எவருக்கும் தெரியாதது ஒரு பெரிய காரணம்.

அதிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே உள்ள மௌனம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஆண்கள் இதையே எதிர்பார்க்கிறார்கள் என்று பெண்கள் நம்புகிறார்கள். பெண்களே இதை விரும்பி நடத்துகிறார்கள் என்று ஆண்கள் நம்புகிறார்கள். "அப்பாவிடம் சொல்லாதே" என்று உங்கள் தாய் சொன்ன வார்த்தையையும், "உங்கள் பெண்களின் விஷயம்" என்று உங்கள் கணவர் இன்று சொல்லும் வார்த்தையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதல் வார்த்தையில் ஒரு தலைமுறைத் தந்தைக்குச் செய்தி போகாமல் கதவு சாத்தப்பட்டது. இரண்டாவதில் அடுத்த தலைமுறைத் தந்தை அந்தக் கதவை வெளியிலிருந்து தாமே சாத்திக்கொள்கிறார். ஒதுங்கி நிற்பதால் தமக்கு இதில் பங்கில்லை என்று அவர் நினைக்கலாம். உண்மையில் அவர் சொல்லாத "வேண்டாம்" ஒவ்வொன்றும் பெரியவர்களின் காதில் "சரி" என்றே விழுகிறது.

அடுத்தது மூத்த பெண்களின் இடம். செனகலிலும் காம்பியாவிலும் மானுடவியல் அறிஞர் பெட்டினா ஷெல்-டங்கனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. அங்கே திருமணச் சந்தையைவிட வலுவான இன்னொரு சக்தியை அவர்கள் கண்டார்கள். வெட்டப்பட்ட பெண்ணே மூத்த பெண்களின் வட்டத்துக்குள் மரியாதையுடன் அனுமதிக்கப்படுகிறாள். இளம் மருமகளுக்கு அந்த வட்டத்தின் ஆதரவு இல்லாமல் அன்றாட வாழ்க்கையே நகராது. குடும்பத்தில் பெண்ணுக்கு அதிகாரம் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவாக இருக்கும் சமூகங்களில், சிறுமிகளின் உடல்மேல் முடிவெடுக்கும் உரிமை மூத்த பெண்களுக்குக் கிடைத்த அரிதான அதிகாரங்களில் ஒன்று. உங்கள் மாமியாருக்கு நீங்கள் மறுப்பது வெட்டை மறுப்பதாக மட்டும் தோன்றாது. அவருடைய இடத்தையே மறுப்பதாகத் தோன்றும். இந்த வேறுபாட்டைப் பின்னால் நீங்கள் பேசும்போது மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் தாயைப் பற்றி. நீங்கள் நேரடியாகக் கேட்காவிட்டாலும், "வலியை அனுபவித்தவரே ஏன்" என்ற கேள்வியில் இருப்பவர் அவர்தான். தனக்கு நேர்ந்தது தேவையற்றது என்று ஒரு பெண் ஏற்றுக்கொண்டால், அவர் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய துயரங்களைத் தாங்க வேண்டியிருக்கிறது. தம் உடலிலிருந்து ஒன்று காரணமே இல்லாமல் எடுக்கப்பட்டது என்பது முதலாவது. தாம் மிகவும் நம்பிய தாய் அதற்கு உடந்தையாக இருந்தார் என்பது இரண்டாவது. மகளுக்குச் செய்துவிட்டவருக்கோ, தாமே இன்னொருவரின் வலிக்குக் காரணமானோம் என்ற மூன்றாவது சுமையும் சேர்கிறது. இவ்வளவையும் எதிர்கொள்வதைவிட, "அது நல்லதுக்குத்தான்" என்று நம்பிக்கொள்வது மனத்துக்கு எளிது. பேத்திக்கும் செய்துவிட்டால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படுகிறது. உங்களுக்கு இரவில் தோன்றும் எண்ணத்தின் வேரும் இதுவே என்று நினைக்கிறேன். மகளுக்குச் செய்துவிட்டால், உங்கள் ஏழு வயது நாளைப் பற்றி இனி எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியிராது. நீங்கள் செய்யாமல் விட்டால், அந்தக் கேள்வி திறந்தே இருக்கும். தலைமுறை தலைமுறையாக இது கைமாறுவதன் உள்ளியக்கம் இதுதான் என்பது என் கருத்து. மற்ற சமூகக் காரணங்கள் இதன்மேல் வந்து பொருந்துகின்றன.

மதத்தைப் பற்றியும் உங்கள் மாமியார் பேசக்கூடும். இவ்வழக்கம் இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் முந்தியது. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிடமும் இது காணப்படுகிறது. உலகின் பெரும்பான்மையான முஸ்லிம்களிடம் இது இல்லை. 2006 நவம்பரில் கெய்ரோவில் உள்ள அல்-அஸ்ஹர் என்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனத்தில் பல நாட்டு அறிஞர்கள் கூடி இதற்கு எதிராகக் கருத்துத் தெரிவித்தார்கள்; 2018இல் எகிப்தின் மார்க்கத் தீர்ப்பு மன்றம், இது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்றே அறிவித்தது. வேறு சில அறிஞர்கள் மாறுபட்டும் பேசுகிறார்கள். உங்கள் குடும்பம் மதிக்கும் ஓர் அறிஞர் எதிர்க்கும் பக்கத்தில் இருந்தால், அவரை நேரில் பேசச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்த வாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம். அது உங்கள் களம் அல்ல.

"டாக்டர் செய்கிறார், லேசான கீறல்தான்" என்ற வாதத்துக்கு வருவோம். உங்களை அசைக்கக்கூடியது இதுவே என்பதால் இதில் சற்று நிற்கிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்த வெட்டை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. பிறப்புறுப்பின் மேற்பகுதியில் உள்ள, உணர்வு மிகுந்த சிறிய உறுப்பான கிளிட்டோரிஸையோ அதன் மேல்தோலையோ நீக்குவது முதல் வகை. அத்துடன் உள் இதழ்களையும் நீக்குவது இரண்டாவது. பிறப்புறுப்பின் வாயைக் குறுக்கித் தைத்துவிடுவது மூன்றாவது. குத்துதல், கீறுதல், சுடுதல் போன்றவை நான்காவது. ஆகவே லேசான கீறலும் இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. நடைமுறையில், ஆறு வயதுக் குழந்தையின் அந்தச் சிறிய உறுப்பில், அவள் பயத்தில் துள்ளும்போது, கத்தி எங்கே நிற்கும் என்று எந்தக் கையும் உறுதி தர முடியாது. எகிப்தில் 2013இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவர் செய்த வெட்டுக்குப் பின் இறந்தாள். அந்த மருத்துவர் 2015இல் தண்டிக்கப்பட்டார். உயிருக்கு ஆபத்து நேராவிட்டாலும், ரத்தப்போக்கும், கிருமித்தொற்றும், நெடுநாள் வலியும், பின்னால் தாம்பத்தியத்திலும் பிரசவத்திலும் சிக்கல்களும் ஏற்படுகின்றன.

மருத்துவரின் வெள்ளை அங்கி இதற்கு ஒரு மரியாதையை வழங்கிவிடுகிறது என்பது இன்னும் பெரிய தீமை. இன்று வாழும் வெட்டுண்ட பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மருத்துவப் பணியாளரே அதைச் செய்திருக்கிறார் என்று யூனிசெப் மதிப்பிட்டிருக்கிறது. மருத்துவத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் இந்த எண்ணிக்கை எனக்கு ஆழ்ந்த வேதனை தருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010இல், பெரிய வெட்டைத் தவிர்க்கச் சிறு கீறலை அனுமதிக்கலாம் என்ற கருத்தை முன்வைத்து, கடும் எதிர்ப்பு எழுந்ததும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்பு நியாயமானது. கீறல் சிறியதானாலும், "பெண்ணாய்ப் பிறந்தவளின் அந்த உறுப்பு திருத்தப்பட வேண்டியது" என்ற விதி அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. உங்கள் மகள் தன் மகளை அழைத்துப் போவாள்.

இப்போது செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். சாடையாக அல்ல, முழுதாக. உங்கள் கடிதத்தில் எனக்கு எழுதியதை, முழங்கால்களைப் பிடித்த கைகள் உட்பட, அவரிடம் நீங்கள் இதுவரை சொல்லியிருக்கிறீர்களா? பல கணவர்களுக்கு என்ன வெட்டப்படுகிறது என்பதே தெரியாது. ஆண் குழந்தைகளுக்குச் செய்வதைப் போன்ற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்த பின் ஒதுங்கி நிற்கும் தகப்பன்மார் குறைவு என்பதே நான் கண்டது. பேச முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு செயல்: அவருடைய தாயிடம், அவருடைய வாயால், "என் மகளுக்கு இது வேண்டாம், இது என் முடிவு" என்று சொல்ல வேண்டும். மருமகள் சொல்வது எதிர்ப்பாகக் கேட்கும். மகன் சொல்வது முடிவாகக் கேட்கும். இந்த நிலை நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகளின் பாதுகாப்புக்கு இன்று கைகொடுப்பது அதுவே.

மாமியாரிடம் நீங்களும் பேச வேண்டிவரும். அப்போது அவருடைய காலத்தையோ, அவர் தம் மகள்களுக்குச் செய்ததையோ குறை சொல்ல வேண்டாம். குறை சொன்னால் அவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காகவே பிடிவாதமாவார். "அன்றைக்கு நீங்கள் அறிந்தபடி நல்லது என்று செய்தீர்கள். இன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததை வைத்து நாங்கள் முடிவெடுத்திருக்கிறோம், அத்தை" என்பதுபோல் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர் வாதிட்டால், புதிய காரணங்களை அடுக்காமல், அதே வாக்கியத்தை அதே அமைதியுடன் மறுபடியும் சொல்லுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில் அவரிடம் இருக்கும். முடிவுக்குப் பதில் இருக்காது. அதோடு, பேத்தியின் வாழ்வில் அவருக்கு வேறு ஓர் இடத்தை நீங்களே முன்வந்து கொடுங்கள். குடும்பத்தின் பழைய கதைகளையும் பிரார்த்தனைகளையும் அவர் அவளுக்குச் சொல்லித்தரட்டும். பாட்டியின் இடம் பறிபோகவில்லை என்று அவருக்குத் தெரிவது, நீங்கள் சொல்லும் எந்த மருத்துவக் காரணத்தையும்விட அவருடைய எதிர்ப்பைத் தணிக்கும்.

ஊரில் இருக்கும் நாட்களில் மகளை உங்கள் பார்வையிலோ, கணவரின் பார்வையிலோ வைத்திருங்கள். "கடைக்கு அழைத்துப் போய் வருகிறேன்" என்று எவர் கேட்டாலும், அவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும், உங்களில் ஒருவர் உடன் போங்கள். தாய்க்குத் தெரியாமல் உறவினர் அழைத்துப் போய் முடித்துவிட்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பெரியவர்கள் உறுதியான வாக்குத் தரும் வரை பயணத்தையே தள்ளிப்போடுவதும் ஒரு வழிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மகளிடம் அவளுக்குப் புரியும் மொழியில், உள்ளாடை மறைக்கும் இடத்தை எவரும் தொடவோ காயப்படுத்தவோ கூடாது என்றும், "அம்மாவிடம் சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துவையுங்கள். எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகியவற்றில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுமியை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று செய்தாலும் குற்றம். ஆபத்தில் உள்ள சிறுமிக்கு நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு பெறவும் 2015 முதல் வழியுண்டு. வேறு பல மேற்கத்திய நாடுகளிலும் இத்தகைய சட்டம் இருக்கிறது. இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. எனினும் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டங்களின்படியே இது குற்றம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. இலங்கையில் மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை அனுப்பியது. குடும்பத்தினரை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மறுப்பதற்கு ஒரு சாக்கு தேடும் உறவினருக்கும் சட்டம் உதவுகிறது: "எங்களுக்கு ஆசைதான், ஆனால் அங்கே தெரிந்தால் ஜெயில்" என்று சொல்லித் தப்பிக்கும் குடும்பங்கள் உண்டு. சட்டம் மட்டும் இருந்து மனம் மாறாத இடங்களில், விஷயம் இன்னும் ரகசியமாகி, எதிர்த்துப் பேசத் தெரியாத சிறு வயதுக்கு வெட்டு நகர்ந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல நாடுகளில் ஐந்து வயதுக்கு முன்பே செய்வது அதிகரித்திருக்கிறது.

திருமணத்தைப் பற்றிய பயம் உங்களுக்கும் இருக்கலாம். உங்கள் மகளுக்கு ஆறு வயது. அவள் மணம் முடிக்கும் காலத்துக்குள் எவ்வளவோ மாறும். சுவீடனில் குடியேறிய சோமாலியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய எல்லாப் பெண்களும் வெட்டுக்கு உள்ளாகும் நாட்டிலிருந்து வந்த அவர்களிடையே இந்த வழக்கத்தை எதிர்க்கும் மனநிலை விரைவில் பரவியதைக் கண்டார்கள். சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு மாறியதும், காலங்காலமாக மாறாது என்று எண்ணப்பட்டது தளர்ந்துவிட்டது. உங்கள் உறவில் உங்களைப் போலவே தயங்கும் இன்னொரு தாய் இருப்பார். அவரை இனங்கண்டு, நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று அவரிடம் மட்டும் சொல்லுங்கள். கூட்டம் கூட்டிப் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு பெண்ணுக்கு, முதலாவது ஆளாக இருக்க வேண்டிய பாரம் உங்களால் குறையும். அவருக்கு மகன்கள் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் தாயிடம் பேசுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகளின் பாதுகாப்பு உறுதியான பிறகு, அவசரமில்லாத ஒரு நாளில், குற்றச்சாட்டாக இல்லாமல், அவருக்கு அது நடந்தபோது எத்தனை வயது, யார் உடன் இருந்தார்கள், அன்று இரவு என்ன நினைத்தார் என்று கேளுங்கள். ஒருவேளை அவரிடம் அதை எவரும் கேட்டே இருக்க மாட்டார்கள். அவர் பேசலாம், பேசாமலும் போகலாம். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மன்னித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. கோபமும் பாசமும் ஒரே மனத்தில் சேர்ந்து இருப்பது இயல்பானதே.

இதற்கிடையே உங்கள் உடலையும் கவனியுங்கள். சிறுநீர் கழிக்கும்போதோ தாம்பத்தியத்திலோ வலி இருந்தால், வெட்டுத் தழும்பில் கட்டியோ உணர்வின்மையோ இருந்தால், ஒரு பெண்கள் நல மருத்துவரைச் சந்தித்து, கேட்கும் முன்பே நீங்களாகவே உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அந்த நாளின் நினைவு தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை நாடுங்கள். மகளின் விஷயம் முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கலாம். கணவரிடம் பேசியபின் அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் தயங்கினால், அவரே எனக்கு எழுதட்டும். அவருக்கும் பதில் எழுதுகிறேன்.